திம்பம் வளைவில் பிரேக் பழக முடியாது: தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளிடம் நாம் செய்யும் தவறுகள்

பிள்ளை தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டது தெரிந்ததும், நம் பக்கம் பல வீடுகளில் முதலில் நடப்பது குலதெய்வக் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சத்தியம் வாங்குவதுதான். "இனிமே பண்ண மாட்டேன்னு சாமி மேல சொல்லு கண்ணு." பிள்ளையும் சொல்லும். வேறு என்னதான் செய்யும்? இரண்டு வாரம் கழித்து மறுபடி அந்த உந்துதல் வருகிறது. இப்போது பழைய வேதனையோடு சத்தியத்தை மீறிய குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. அப்புறம் எப்படி நம்மிடம் வந்து சொல்லும்? கோயிலுக்குப் போவதில் தவறில்லை, போய்விட்டு வாருங்கள். சத்தியம் மட்டும் வேண்டாம்.

"சீன் போடுது" என்பது அடுத்த தவறு. தாங்க முடியாத மன வேதனையைக் கொஞ்ச நேரமாவது தணிக்க வேறு வழி தெரியாமல்தான் பெரும்பாலான பிள்ளைகள் இதில் இறங்குகிறார்கள். அந்த வேறு வழிகளைத்தான் பழக்க வேண்டும்.

அதை எப்போது பழக்குவது என்பதில்தான் நாம் அதிகம் சறுக்குகிறோம். பிள்ளை அழுது குமுறும்போது பக்கத்தில் நின்று "மூச்சை நல்லா இழுத்து விடு" என்கிறோம். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை விட்டுவிட்டு, அங்கே வைத்துப் பிரேக் பிடிக்கக் கற்றுக்கொடுப்போமா? சமதரையில் பழகிய கால்தான் வளைவில் தானாக அழுத்தும். பள்ளி விட்டு வந்து காபி குடிக்கிற சாதாரணப் பொழுதில், உள்ளே இழுப்பதைவிட வெளியே விடும் மூச்சை நீளமாக்கிப் பழகலாம். குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுவது, தோட்டத்தைச் சுற்றி வேகமாக நடந்து வருவது, காயப்படுத்திக்கொள்ளத் தோன்றுவதைப் பதினைந்து நிமிடம் தள்ளிப்போடுவது எல்லாம் அப்படித்தான். உந்துதல் ஏறும், பிறகு இறங்கும். இறங்குவதை ஒருமுறை பார்த்த பிள்ளைக்கு அடுத்த முறை நம்பிக்கை வரும்.

பிள்ளையை மட்டும் பழகச் சொல்வதும் பலிக்காது. டி.பி.டி. (Dialectical Behavior Therapy) என்ற மனநல சிகிச்சை முறையை உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன். அதில் நெருக்கடியைத் தாங்குவது, உணர்ச்சியைக் கையாள்வது, மனதை இந்த நொடியில் நிறுத்துவது, உறவுகளில் பேசத் தெரிவது என்று நான்கு வகைத் திறன்கள் உண்டு. வளரிளம் பருவத்தினருக்காக அதை மாற்றியமைத்தவர்கள் பெற்றோரையும் அதே வகுப்பில் உட்கார வைத்தார்கள். காரணம் இருக்கிறது. மார்க் ஷீட்டைப் பார்த்ததும் தட்டை வீசும் அப்பா, பிள்ளைக்குப் பொறுமையைப் பாடம் எடுக்க முடியாதுங்க.

எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து தருவதும் நம் வழக்கம். "யோகா கிளாஸ் சேர்த்துவிட்டேனே!" கோபம் உச்சத்தில் இருக்கும்போது உடம்பை ஆட்டும் வேலை சிலருக்குக் கைகொடுக்கும். சோர்ந்து கிடக்கும் நாளில் ஆட்டுக்குட்டிக்குத் தழை போடுவது போன்ற சின்ன வேலை போதும். சண்டை வந்த நாளில் தேவை வார்த்தைகள்.

போனைப் பிடுங்குவோம், மருந்தைப் பூட்டிவைக்க மறந்துவிடுவோம். ராத்திரியில் பேச இருக்கும் ஒரே தோழியும் போனோடு போய்விடுகிறாள். தோட்டத்து வீட்டில் பூச்சி மருந்து திண்ணை மூலையிலும், அப்புச்சியின் மாத்திரைகள் ஜன்னல் மேலும் அப்படியே இருக்கின்றன. முதலில் அவற்றைப் பூட்டுங்கள், சாவியைப் பெரியவர் ஒருவர் வைத்துக்கொள்ளட்டும். ஆர்ப்பாட்டம் வேண்டாம்.

"கேட்டால் சாகிற நினைப்பை நாமே கிளப்பிவிட்ட மாதிரி ஆகிடுமே" என்று பயந்து வாயை மூடிக்கொள்கிறோம். அப்படி ஆகாது. "என்ன வெசனம் சாமி? செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். உடனடி ஆபத்து என்றால் 108. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று தயங்கவும் வேண்டாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது.

பள்ளி, விடுதி விஷயத்தில் ஒன்று மட்டும்: நம்பிக்கையான ஒரு ஆசிரியருக்கோ வார்டனுக்கோ தெரிந்தால் போதும். ஒறம்பரை மொத்தத்துக்கும் தெரிய வேண்டியதில்லை.

மறுபடி நடந்துவிட்டால் "இத்தனை சொல்லியுமா?" என்று ஆரம்பிக்காதீர்கள். முதலில் காயத்துக்கு மருத்துவம். மனம் ஆறிய பிறகு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் என்ன நடந்தது என்று கேளுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் எந்த இடத்தில் என்ன செய்திருக்கலாம் என்று சேர்ந்து யோசித்து, ஒரு தாளில் பிள்ளையே எழுதட்டும்: தனியாகச் செய்யக்கூடியது இரண்டு, போய் உட்காரக்கூடிய இடம் ஒன்று (அம்மாயி வீடாகவே இருக்கட்டும்), கூப்பிடக்கூடிய ஆட்கள் இருவர். கடைசி வரியில் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. தாள் பள்ளிப் பையில் இருக்கட்டும், நகல் உங்கள் சட்டைப் பையில்.