முடி உதிர்வு: காலக் கணக்கில் நேரும் தவறுகள்

முடி கொட்டத் தொடங்கியதும் பெரும்பாலோர் சென்ற வாரம் என்ன மாறியது என்று யோசிக்கிறார்கள். புதிதாக வாங்கிய ஷாம்பு, வீடு மாறியதால் வந்த உப்புத் தண்ணீர், வேலைக்குப் போகும்போது அணியும் ஹெல்மெட் என்று ஏதோ ஒன்றின் மீது பழி விழுந்துவிடுகிறது. ஆனால் மயிர்க்கால் நேற்று நடந்ததற்கு இன்று பதில் சொல்வதில்லை. முடி உதிர்வு தொடர்பாக நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் காலக் கணக்கைப் புரிந்துகொள்ளாததால் நேர்பவை என்றே நான் கருதுகிறேன்.

தலையில் ஏறத்தாழ 1 லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 ஆண்டுகள் வளர்ந்து, சில வாரங்களில் வேர் சுருங்கி, பிறகு சுமார் 3 மாதங்கள் ஓய்வில் இருந்துவிட்டு உதிர்கிறது. இந்தச் சுழற்சியால் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பே. கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், திடீரென்று உணவைக் குறைத்து உடல் எடையை இறக்குதல் போன்ற அதிர்ச்சிகளின்போது, வளர்ந்துகொண்டிருந்த ஏராளமான முடிகள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. அவை சீப்பில் கொத்துக் கொத்தாக வருவது 2 அல்லது 3 மாதங்கள் கழித்துத்தான். ஆகவே டெங்குவிலிருந்து மீண்டவர், கொட்டும் முடியைக் கண்டு அந்த வாரத்து ஷாம்புவைத் தூக்கி எறிவதால் பயனில்லை. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். காரணம் சரியில்லை என்றாலும், அந்தப் பாட்டிமார்கள் காலத்தைத் துல்லியமாகக் கவனித்திருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் வரும் உதிர்வு பெரும்பாலும் மூன்றாம் மாதத்தை ஒட்டித்தான் தொடங்குகிறது.

இந்த வகை உதிர்வு பொதுவாக 6 மாதங்களுக்குள் தானாகவே அடங்கிவிடும். இங்கேதான் அடுத்த தவறு பிறக்கிறது. நான்காம் மாதத்தில் பதறிப்போய் வாங்கிய எண்ணெய், தானே திரும்பி வந்த முடிக்கான பெயரைத் தட்டிச் செல்கிறது. பிறகு அதே எண்ணெய், பரம்பரை வழுக்கை தொடங்கியிருக்கும் மைத்துனருக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. அவருக்கு இருப்பது முற்றிலும் வேறு நிலை. மருந்தால் மிச்சமிருக்கும் முடியைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஆண்டுகளை அவர் எண்ணெய் தேய்த்தே கழித்துவிடுகிறார். எண்ணெயை நான் குறை சொல்லவில்லை. முடித்தண்டு வறண்டு உடையாமல் அது காக்கிறது. ஆனால் வேருக்குள் நடப்பதை அது மாற்றுவதில்லை. எண்ணெயும் பிசுக்குமாகப் பொடுகு உள்ள தலையில் எண்ணெயை ஊறவைத்தால் பொடுகு கூடவும் செய்யலாம். மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்பதும் அப்படித்தான். மழித்த முடியின் முனை மழுங்கியிருப்பதால் கைக்குத் தடிமனாகத் தெரிகிறதே தவிர, வேரின் எண்ணிக்கை கூடுவதில்லை.

பரம்பரை வழுக்கையில் முடி கொத்தாகக் கொட்ட வேண்டும் என்பதில்லை. டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனின் தாக்கத்தால், ஒவ்வொரு சுழற்சியிலும் முடி முந்தையதைவிட மெலிந்தும் குட்டையாகவும் முளைக்கிறது. ஆண்களுக்கு நெற்றியோரமும் உச்சியும் விலகுகின்றன. பெண்களுக்கு முன்நெற்றி வரிசை அப்படியே இருக்க வகிடு அகலமாகிறது. தாய்வழித் தாத்தாவின் தலையைப் பார்த்தால் போதும் என்று நினைப்பதும் தவறு, ஏனெனில் இது இரு வழியிலும் வரக்கூடியது.

நாணய அளவில் வழவழப்பாக முடி போயிருந்தால் அதைப் புழுவெட்டு என்கிறோம். அந்தப் பெயரே பலரைத் தவறான வழியில் அனுப்புகிறது. அங்கே புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. உடலின் நோய் எதிர்ப்பு அணுக்கள் தன் சொந்த மயிர்க்கால்களையே தாக்குகின்றன. பச்சைப் பூண்டைத் தோல் புண்ணாகும்வரை தேய்த்த குழந்தைகளைப் பற்றிக் கேள்விப்படும்போது மனம் வலிக்கிறது. சிறிய திட்டுகளில் முடி தானே முளைப்பதும் உண்டு, அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டு முளைக்க வைப்பதும் உண்டு. தலை முழுவதும் பரவிய கடுமையான நிலைக்கு, பாரிசிட்டினிப் என்னும் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2022இல் ஒப்புதல் கிடைத்தது. அதே சமயம், குழந்தையின் தலையில் செதில் உதிர்ந்து முடி ஒடிந்த திட்டு இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். களிம்பு மட்டும் அதைத் தீர்க்காது. வாய்வழி மருந்து சில வாரங்கள் தேவைப்படும்.

எரிச்சல், வலி, சீழ் ஆகியவற்றோடு, தோலில் மயிர்த்துளைகளே தெரியாமல் மழுங்கிப்போகும் உதிர்வில் தாமதம் கூடவே கூடாது. அங்கே மயிர்க்கால் தழும்பாக மாறுகிறது, தழும்பான இடத்தில் முடி திரும்புவதில்லை. நெற்றியோர முடியை ஆண்டுக்கணக்கில் இறுக்கி இழுத்துப் பின்னுவதும் இறுதியில் அந்த நிலைக்கே கொண்டுபோகும். தொடக்கத்திலேயே தளர்த்திவிட்டால் முடி திரும்பும்.

பெண்களுக்கு இரும்புச் சத்தையும் தைராய்டையும் பார்க்காமல் மருந்து தொடங்குவதை நான் பெரிய தவறாகக் கருதுகிறேன். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை இருந்தது. இந்த நிலையில் பலரும் வாங்குவதோ பயாட்டின் என்னும் வைட்டமின் மாத்திரையை. பயாட்டின் குறைபாடு அரிது. அதோடு, அதிக அளவில் உட்கொண்ட பயாட்டின் தைராய்டு பரிசோதனையையும் மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையையும் தவறாகக் காட்டக்கூடும். இரத்தம் கொடுப்பதற்கு முன் அதை உட்கொள்வதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பரம்பரை வழுக்கைக்குத் தடவும் மினாக்சிடில், இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாகப் பிறந்த மருந்து. அதை உட்கொண்டவர்களுக்கு உடலில் முடி வளர்ந்ததைக் கண்டே தலையில் தடவும் திரவமாக்கினார்கள். 1988இல் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது. இதைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி கூடுதலாக உதிரக்கூடும், ஏனெனில் ஓய்வில் இருந்த பழைய முடிகளைப் புதியவை தள்ளிவிடுகின்றன. அந்த வாரங்களில் பயந்து நிறுத்துபவர்கள் ஏராளம். பலனைக் கணிக்கக் குறைந்தது 4 முதல் 6 மாதங்கள் வேண்டும். பலன் தெரிந்த பிறகு நிறுத்தினாலும் சில மாதங்களில் கிடைத்தது போய்விடும். முடியின் மேல் தடவுவதும், எண்ணெய் ஊறிய தலையில் தடவுவதும் மருந்தை வீணாக்கும். காய்ந்த தோலில் படும்படி தடவ வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் கவனம் தேவை, சிறிதளவு மினாக்சிடில்கூடப் பூனையின் உயிரைப் பறிக்கக்கூடும்.

1997இல் ஆண்களின் வழுக்கைக்கு ஒப்புதல் பெற்ற பினாஸ்டரைடு மாத்திரையை நண்பர் சொன்னார் என்று மருந்துக்கடையில் வாங்கி உட்கொள்வது ஆபத்தானது. சிலருக்குப் பாலுறவு நாட்டம் குறையலாம், மனச்சோர்வு வரலாம். தற்கொலை எண்ணத்தையும் அதன் பக்கவிளைவாக ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் உறுதிப்படுத்தியது. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது. உட்கொள்ளும் ஆண், நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரை இரத்ததானம் செய்யக்கூடாது. புராஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிய இரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ அளவை இது ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதையும் வயதானவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

முடி நடுதல் ஓர் அறுவை சிகிச்சை. 2016இல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவரே இந்தச் சிகிச்சையைத் தொடர்ந்து உயிரிழந்தார். யூடியூப் பார்த்தோ பயிலரங்கில் பார்வையாளராக இருந்தோ பெற்ற அறிவு போதாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஊசி போட்டு மரத்துப்போகச் செய்பவர் யார், வெட்டி எடுப்பவர் யார், அவசர நிலையைக் கையாளும் வசதி அங்கே இருக்கிறதா என்று கேட்கத் தயங்கக்கூடாது. நட்ட முடியும் முதல் சில வாரங்களில் உதிர்ந்து, 3 அல்லது 4 மாதங்களுக்குப் பிறகே முளைக்கத் தொடங்கும். முழுப் பலன் தெரிய ஏறத்தாழ ஓராண்டு ஆகும். பிடரியிலிருந்து எடுத்து நட்ட முடி நிலைத்திருந்தாலும், அதைச் சுற்றியிருக்கும் பழைய முடி மெலிந்துகொண்டே போகும். 22 வயதில் முன்நெற்றியை மட்டும் தாழ்வாக நிரப்பிக்கொண்டவருக்கு, 35 வயதில் அதன் பின்னால் இருந்தது விலகி, நட்டது மட்டும் தனித் தீவாக நிற்கலாம். அந்த இடைவெளியை அடைக்கப் பிடரியில் போதிய முடி அப்போது மீதமிருக்காது.