டிஸ்கஸ், ஆர்க்யூ, டிபேட்: எதை எங்கே எழுதுவது?

மொரீஷியஸில் நாம் வீட்டில் கிரியோல் பேசுகிறோம், செய்தித்தாளைப் பிரெஞ்சில் வாசிக்கிறோம், அலுவலகக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதுகிறோம். ரோஸ் ஹில்லில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் அக்கா ஒருவர், தைப்பூசக் காவடிக்காகக் கோயில் சார்பில் ஓர் அதிகாரிக்கு எழுதிய கடிதத்தைக் காட்டினார். ஊர்வலப் பாதை குறித்து அவருடன் 'ஆர்க்யூ' செய்ததாக அதில் இருந்தது. அமைதியாகப் பேசிவிட்டு வந்தவர்கள், சண்டை போட்டதாகத் தாங்களே எழுதிக் கொடுக்க இருந்தார்கள்! கிரியோலின் 'டிஸ்கிட்டே' கலந்து பேசுவதற்கும் வரும், வாக்குவாதத்துக்கும் வரும். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு.

முதல் படி: நடந்ததைத் தமிழில் ஒரு வரியில் சொல்லிப் பாருங்கள். கலந்து பேசினோமா, வாதாடினோமா, பேரம் பேசினோமா? 'விவாதித்தோம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். செய்தித் தமிழில் அது எல்லாவற்றுக்கும் வந்துவிடுகிறது.

இரண்டாம் படி: கலந்து பேசியிருந்தால் டிஸ்கஸ். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். தமிழில் 'பாதையைப் பற்றி' என்கிறோம். பிரெஞ்சிலும் 'த' (de) என்ற இடைச்சொல் வரும். அந்தப் பழக்கத்தில் 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதிவிடுகிறோம். வேண்டாம். 'வீ டிஸ்கஸ்ட் த ரூட்' என்றாலே போதும், 'பற்றி' அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. 'டாக்' என்ற வினைக்கும் 'டிஸ்கஷன்' என்ற பெயர்ச்சொல்லுக்கும் 'அபவுட்' வரலாம்.

மூன்றாம் படி: கருத்து மோதி, குரலும் உயர்ந்திருந்தால் ஆர்க்யூ. ஆளுக்கு முன்னால் 'வித்', பொருளுக்கு முன்னால் 'அபவுட்'. ஆனால் 'ஆர்க்யூ தட்' என்று வந்தால் சண்டை இல்லை. காரணம் காட்டி வாதிடுவது. வழக்கறிஞர் செய்வது அதுதான்.

நான்காம் படி: இரு தரப்பு, ஒரு தலைவர், பேச ஓர் ஒழுங்குமுறை என்று இருந்தால் டிபேட். நமது நாடாளுமன்றத்தில் நடப்பது அது. (1968ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி அங்கே அலுவல் மொழி ஆங்கிலம், அவைத்தலைவரை நோக்கிப் பிரெஞ்சிலும் பேசலாம்.) விற்பனை விளம்பரங்களில் 'பிரீ ஆ டெபாத்ர்' என்று பார்த்திருப்பீர்கள். விலை பேசிக்கொள்ளலாம் என்று பொருள். அதை ஆங்கிலத்தில் டிபேட் என்று எழுதக் கூடாது. பேரத்துக்கு உரியது நெகோஷியேட்.

அக்காவின் கடிதத்தில் ஒரு சொல்லை அடித்து இன்னொன்றை எழுதினோம்: 'வீ டிஸ்கஸ்ட் த ரூட் வித் யூ யெஸ்டர்டே.'