மொட்டை மாடியில் 'பேசும் படம்' போடுவது எப்படி

அல்சூரில் முப்பது வருஷமாக மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். ஆடி மாதம் அம்மன் கோயில், தை பிறந்தால் கல்யாணம், நடுவில் காதுகுத்து. இவன் எதற்கு வசனமே இல்லாத படத்தைப் பற்றி எழுதுகிறான் என்று சிரிக்க வேண்டாம். அந்த மாதிரிப் படத்துக்குத்தான் சவுண்டுக்காரன் தேவை. வசனப் படத்தில் நாலு வரி காதில் விழாவிட்டாலும் கதை ஓடிவிடும். இதில் ஒரு சத்தம் தப்பினால் ஒரு சிரிப்பு போச்சு.

படம் 1987இல் வந்தது. சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கம், கமலும் அமலாவும் ஜோடி. தமிழில் 'பேசும் படம்', கன்னடத்தில் 'புஷ்பக விமானா', இந்தியில் 'புஷ்பக்'. எடுத்ததும் எங்கள் பெங்களூரில்தான், அந்தப் பெரிய ஹோட்டல் விண்ட்சர் மேனர். எங்கள் கட்டிடத்தில் கீழ்வீட்டில் கன்னட அஜ்ஜி, முதல் மாடியில் தெலுங்குக்காரர் குடும்பம், எதிரே இரண்டு மலையாள நர்ஸ்கள், மேலே ஒரு அறையில் பீகார் பையன்கள், அப்புறம் நாங்கள். எந்த மொழிப் படம் என்று சண்டை வராமல் எல்லோரையும் ஒரே பாயில் உட்கார வைக்க இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' கூடப் போட்டிருக்கிறேன். அது 1931 படம், நடுநடுவே எழுத்து அட்டை வரும், யாராவது உரக்கப் படித்துச் சொல்ல வேண்டும். இதில் அந்த வேலையும் இல்லை.

ஜனவரி, பிப்ரவரியில் போடுங்கள். மழை இருக்காது, குளிருக்கு ஒரு சால்வை போதும். ஏழு மணிக்கு ஆரம்பித்து விடுங்கள். படம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், இடைவேளை சேர்த்தாலும் பத்து மணிக்குள் முடிந்துவிடும். பத்துக்கு மேல் வெளியில் ஸ்பீக்கர் போடக் கூடாது என்பது சட்டம். இது அக்கம்பக்கத்தார் பார்ப்பதற்குச் சொல்லும் வழி. டிக்கெட் போட்டு ஊரைக் கூட்டுவதானால் படத்தின் உரிமைக்காரரிடம் அனுமதி வாங்கிவிட்டுத் தொடங்குங்கள்.

திரைக்கு வெள்ளையடித்த தண்ணீர்த் தொட்டிச் சுவர் இருந்தால் கவலையே இல்லை. இல்லையென்றால் டபுள் காட் பெட்ஷீட், நடுவில் தையல் இல்லாததாக. இஸ்திரி போட்டு, துணிக்கொடியில் கிளிப் மாட்டி, கீழ் ஓரத்தில் ஒரு திரைச்சீலைக் கம்பியைக் கோத்து இரண்டு பக்கமும் கட்டிவிடுங்கள். கட்டாவிட்டால் காற்றில் கமலுக்கு வயிறு உப்பும். ப்ரொஜெக்டர் வாடகைக்குக் கிடைக்கும். நன்றாக இருட்டுவதற்கு முன் அதைப் போட்டுவிட்டு மங்கலாக இருக்கிறதே என்று திட்டாதீர்கள்.

இனி என் விஷயம். முதல் தடவை போட்டபோது நான் ஊரில் இல்லை. பையன் கையளவு ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை ப்ரொஜெக்டர் பக்கத்திலேயே வைத்துவிட்டான். ப்ரொஜெக்டர் ஃபேன் இரைச்சலில் ஸ்பீக்கர் சத்தம் அமுங்கிப் போயிற்று. திரையில் ஆட்கள் வாயைத் திறக்கவில்லை, காதிலும் ஒன்றும் விழவில்லை. "சவுண்ட் வரல, சவுண்ட் வரல" என்று பின்னாலிருந்து குரல். தெலுங்குக்காரர் நல்ல மனுஷன், உதவி செய்கிறேன் என்று எழுந்து போய் வயரை எல்லாம் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகியதில் படமும் நின்றுவிட்டது. அதனால் கூப்பிடும்போதே வாட்ஸாப்பில் எழுதிவிடுங்கள்: "இந்தப் படத்தில் யாரும் பேச மாட்டார்கள். ஸ்பீக்கர் ரிப்பேர் இல்லை."

ஸ்பீக்கரைத் திரைக்கு அடியில் வையுங்கள், ப்ரொஜெக்டரிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது. ப்ளூடூத் வேண்டாம், வயர் போடுங்கள். ப்ளூடூத்தில் சத்தம் இம்மியளவு பிந்தி வரும். பாட்டுக்கு அது தெரியாது. ஐஸ் கட்டியில் கத்தி செய்து குத்த வரும் டினு ஆனந்தின் காட்சிகளில் தெரிந்துவிடும். கோயிலுக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கர் என்னிடமே பன்னிரண்டு கிடக்கிறது, ஒன்றைக்கூட இதற்குத் தர மாட்டேன். எல். வைத்தியநாதனின் இசை அதில் தகர டப்பா போல ஆகிவிடும். பாக்ஸ் ஸ்பீக்கர் ஒரு ஜோடி போதும். லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், அநேகமாக நின்றுவிடும். முன்கூட்டியே முழுசாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள்.

வால்யூம் எவ்வளவு வைப்பது? அதற்குப் படத்திலேயே ஒரு அளவுகோல் இருக்கிறது. கமல் முதலில் இருப்பது சினிமா தியேட்டருக்கு ஒட்டினாற்போல ஓர் அறை. ராத்திரி சண்டைச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே தூங்கிப் பழகியவர். போதையில் விழுந்து கிடக்கும் பணக்காரரைத் தூக்கி வந்து அடைத்துப்போட்டு, அவருடைய ஹோட்டல் அறையில் குடியேறியதும் தூக்கம் வராது, அவ்வளவு அமைதி. பழைய இடத்துக்குப் போய் அந்தத் தியேட்டர் சத்தத்தை டேப்பில் பதிந்து வந்து போட்டுக்கொண்டு தூங்குவார். சாயங்காலமே ஸ்பீக்கரைக் கட்டி இந்தப் பகுதியை ஓட்டிப் பாருங்கள். அமைதியான இடத்தில் ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்டால் ஆம்ப்ளிஃபயரைக் குறைத்து லேப்டாப்பில் ஏற்றுங்கள். சண்டைச் சத்தம் கரகரத்தால் மொத்தமாக ஒரு சுற்றுக் குறையுங்கள். இரண்டும் சரியாக வந்துவிட்டால் மற்றதைத் தொடவே வேண்டாம். படம் ஓடும்போது ரிமோட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள், மருமகனே ஆனாலும்.

சாப்பாடு பற்றி ஒரு எச்சரிக்கை. அடைத்து வைத்த ஆளின் கழிவைப் பரிசுப் பொட்டலமாகக் கலர்த்தாளில் சுற்றிக் கமல் வெளியே கொண்டுபோகும் வேலை ஒன்று வரும். குழந்தைகள் புரண்டு சிரிப்பார்கள், கையில் இட்லி வைத்திருக்கிறவர்கள் உங்களைப் பார்ப்பார்கள். அதனால் டிபனைப் படத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். இடைவேளைக்குக் காபியும் கொஞ்சம் கடலையும் போதும். பாக்கெட்டில் வரும் சிப்ஸ் வேண்டவே வேண்டாம். வசனமில்லாத படத்தில் அந்த பாக்கெட் சத்தம் இருக்கிறதே, என் குழாய் ஸ்பீக்கரே தேவலாம்.

கதை சொல்லிகளையும் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே பார்த்தவர் ஒருவர் எப்படியும் இருப்பார். "இப்ப பாரு, இப்ப பாரு" என்பார். அவரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்து, லைட் சுவிட்ச் பொறுப்பை ஒப்படைத்துவிடுங்கள். என் அனுபவத்தில் பொறுப்பு கொடுத்தால் வாய் மூடும். ஆனால் ஒன்று கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்: நீங்கள் கை தூக்கும்வரை லைட்டைப் போடக் கூடாது.

ஏனென்றால் கடைசியில் அமலா ஊரைவிட்டுப் போகும்போது ரோஜாப் பூவில் தன் முகவரிச் சீட்டைச் சுற்றி எறிவார். பூ கமல் கைக்கு வரும், சீட்டு காற்றில் பறந்து சாக்கடைக்குப் போய்விடும். போன தடவை அந்த இடத்தில் மாடியில் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. அஜ்ஜி மட்டும் எட்டிப் பிடிக்கப் போவது போல இரண்டு கையையும் நீட்டி, "அய்யோ, ஹோய்த்து!" (போச்சே!) என்று கத்திவிட்டார். கன்னடம் தெரியாத பீகார் பையன்களும் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

எல்லோரும் கீழே இறங்கிய பிறகு வயரைச் சுருட்டுங்கள். இருட்டில் கால் தடுக்கினால் படிக்கட்டு பக்கத்தில்தான் இருக்கிறது.