ஆப் விளம்பர ஏலத்துக்கு ஒரு கிளாஸ் எழுதுவோம்

மொபைல் ஆப்பில் ஒரு பேனர் தெரிவதற்குள், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. சர்வர் கேட்கிறது, விளம்பரம் வாங்குபவர்கள் ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள். அந்த விலைச்சீட்டுக்கு பிட் என்று பெயர். (பரீட்சை ஹாலில் அடிக்கும் பிட் இல்லை, இது வேறு.) அதை ஆப்புக்குள் வாங்கி வைக்க ஒரு சின்ன கிளாஸ் (தகவலையும் அதைக் கையாளும் வேலைகளையும் சேர்த்து வைக்கும் குறியீட்டுத் துண்டு) எழுதுவதுதான் இன்றைய வேலை. மொழி கோட்லின், ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் மொழி. படிக்க வசதியாகக் குறியீட்டைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். எடிட்டரில் அடிக்கும்போது ஆங்கில எழுத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: வருவது என்ன என்று பாருங்கள்

இந்தத் துறையின் பொது வடிவம் ஓப்பன்ஆர்டிபி. இணைய விளம்பரத்துக்கான தரநிலைகளை வகுக்கும் ஐஏபி டெக் லேப் அதைப் பராமரிக்கிறது. அதன்படி வரும் பதில், தேவையில்லாததை வெட்டிவிட்டால், இப்படி இருக்கும்:

```
{
  "ஐடி": "கேள்வி-71",
  "கர்": "யூஎஸ்டி",
  "சீட்பிட்": [ {
    "பிட்": [ {
      "ஐடி": "1",
      "இம்ப்ஐடி": "முகப்பு-பேனர்",
      "பிரைஸ்": 4.35,
      "ஏடிஎம்": "விளம்பரத்தின் எச்டிஎம்எல்",
      "எக்ஸ்ப்": 900
    } ]
  } ]
}
```

‘இம்ப்ஐடி’ என்பது நாம் எந்த இடத்துக்கு விளம்பரம் கேட்டோமோ அந்த இடத்தின் அடையாளம். ‘ஏடிஎம்’ விளம்பரமே. ‘எக்ஸ்ப்’ எத்தனை விநாடிக்குள் அதைக் காட்ட வேண்டும் என்பது. ‘கர்’ நாணயம்; அது வராவிட்டால் அமெரிக்க டாலர் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். யாருமே விலை சொல்லவில்லை என்றால் 204 என்ற எண்ணோடு வெறும் பதில் வரும். அது பிழை இல்லை. வாங்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

படி 2: விலையைப் புரிந்துகொள்ளுங்கள்

இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்தேன். 4.35 டாலர் என்பது ஒரு தடவை காட்டுவதற்கான விலை இல்லை, ஆயிரம் தடவைக்கு. செங்கல் சூளையில் விலை கேட்டால் ஆயிரம் கல்லுக்குத்தானே சொல்வார்கள்? அதே கணக்கு. ஒரு தடவைக்கு 0.00435 டாலர்தான்.

என் ஆப்பில் ஒரு காலை வருமானப் பக்கத்தைத் திறந்தால், முந்தைய நாள் சம்பாத்தியத்தில் ஒரு பைக் வாங்கலாம் போலிருந்தது. ஒரு அரை நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் பார்த்தால், ஆண்ட்ராய்டில் கூகுளின் விளம்பர எஸ்டிகே (ஆப்பில் சேர்த்துக்கொள்ளும் மென்பொருள் தொகுப்பு) ஆட்வேல்யூ என்ற கிளாஸ் வழியாகத் தரும் தொகையையும், ஏலத்தில் வந்த ‘பிரைஸ்’ஸையும் ஒரே பெட்டியில் போட்டுக் கூட்டியிருக்கிறேன். முதலாவது ஒரு தடவைக்கானது, இரண்டாவது ஆயிரம் தடவைக்கானது. அதனால் என் கிளாஸில் விலையின் பெயரிலேயே ‘ஆயிரத்துக்கு’ என்று இருக்கும். நீளமான பெயர்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது, காசை டபுளில் (தசம எண்ணைத் தோராயமாக வைக்கும் வகை) வைக்காதீர்கள். கோட்லினில் 4.35ஐ 100ஆல் பெருக்கிப் பாருங்கள், 434.99999999999994 என்று வரும். அதை முழு எண்ணாக வெட்டினால் 434. ஒரு சென்ட் காணாமல் போயிற்று. எனவே மைக்ரோவில் வைப்போம், அதாவது ஒரு டாலருக்கு 10 லட்சம் மைக்ரோ. 4.35 டாலர் என்றால் 43,50,000 மைக்ரோ. லாங் என்ற முழு எண் வகையில் பத்திரமாக நிற்கும்.

படி 3: கிளாஸ்

```
டேட்டா கிளாஸ் விளம்பரக்கேட்பு(
  வால் இடம்: ஸ்ட்ரிங்,
  வால் ஆயிரத்துக்கு_மைக்ரோ: லாங்,
  வால் நாணயம்: ஸ்ட்ரிங்,
  வால் விளம்பரம்: ஸ்ட்ரிங்,
  வால் வந்த_நேரம்: லாங்,
  வால் ஆயுள்_மில்லி: லாங்
) {
  ஃபன் காலாவதியா(இப்போது: லாங்) =
    இப்போது - வந்த_நேரம் >= ஆயுள்_மில்லி

  ஓவர்ரைட் ஃபன் டூஸ்ட்ரிங்() =
    "$இடம் $ஆயிரத்துக்கு_மைக்ரோ $நாணயம்"
}
```

எல்லாமே ‘வால்’, அதாவது ஒரு தடவை வைத்தால் மாற்ற முடியாதது. ஏலம் முடிந்தபின் விலை மாறக் கூடாது என்பதால், மாற்றக்கூடிய ‘வார்’ வேண்டாம்.

டூஸ்ட்ரிங்கை ஏன் திருத்தி எழுத வேண்டும்? டேட்டா கிளாஸை அப்படியே லாகில் (ஆப் ஓடும்போது எழுதும் பதிவில்) அச்சிட்டால் எல்லா மதிப்பும் கொட்டும், முழு எச்டிஎம்எல்லும் சேர்த்து. ஒரே ஒரு பிட்டைப் பார்க்கப் போய்த் திரை முழுக்க ஸ்கிரிப்ட் ஓடும்.

படி 4: நேரம்

வந்த_நேரத்துக்குச் சுவர்க் கடிகார நேரத்தை எடுக்காதீர்கள். பயனர் ஃபோனில் தேதியை மாற்றினால் (விளையாட்டில் உயிர் சீக்கிரம் நிரம்பட்டும் என்று மாற்றுவார்கள்!) பழைய பிட் புதிதாகிவிடும், புதியது செத்துவிடும். ஆண்ட்ராய்டில் சிஸ்டம்கிளாக் கிளாஸின் எலாப்ஸ்ட்ரியல்டைம் இருக்கிறது. ஃபோன் ஆன் ஆனதிலிருந்து ஓடும், தேதியை மாற்றினாலும் அசையாது. ‘எக்ஸ்ப்’ விநாடியில் வருவதால் 1000ஆல் பெருக்க மறக்காதீர்கள். அது கட்டாயமில்லாத புலம்; வராவிட்டால் நான் 30 நிமிடம் வைப்பேன்.

படி 5: உள்ளே விடும் முன் சோதியுங்கள்

ஜேசானிலிருந்து (படி 1இல் பார்த்த பதிலின் வடிவம்) நேராக கிளாஸை உருவாக்காமல், நடுவில் ஒரு ஃபங்ஷன் வையுங்கள்:

```
ஃபன் உருவாக்கு(விலை: ஸ்ட்ரிங், ...): விளம்பரக்கேட்பு? {
  வால் தொகை = விலை.டூபிக்டெசிமல்ஆர்நல்() ?: ரிட்டர்ன் நல்
  வால் மைக்ரோ = தொகை.மூவ்பாயிண்ட்ரைட்(6).டூலாங்()
  இஃப் (மைக்ரோ <= 0) ரிட்டர்ன் நல்
  இஃப் (இடம் != கேட்ட_இடம்) ரிட்டர்ன் நல்
  இஃப் (விளம்பரம்.இஸ்பிளாங்க்()) ரிட்டர்ன் நல்
  ரிட்டர்ன் விளம்பரக்கேட்பு(...)
}
```

விலையை ஸ்ட்ரிங்காகவே வாங்குகிறோம் என்பதைக் கவனியுங்கள். முதலில் டபுளாக்கிவிட்டு அப்புறம் பிக்டெசிமல் (தசமத்தைத் துல்லியமாக வைக்கும் வகை) ஆக்கினால் டபுளின் அழுக்கும் கூடவே வரலாம். தப்பான பிட் வந்தால் எக்ஸெப்ஷன் (கவனிக்காவிட்டால் ஆப்பை நிறுத்திவிடும் பிழை) எறியாமல் நல், அதாவது ‘ஒன்றுமில்லை’ என்று தருகிறோம். ஒரு விளம்பரம் வரவில்லை என்பதற்காக ஆப்பே விழக் கூடாது.

படி 6: அதிக விலையைத் தேர்ந்தெடுங்கள்

காலாவதியானதை வடிகட்டி, மிச்சத்தில் ஆயிரத்துக்கு_மைக்ரோ எது அதிகமோ அதை மேக்ஸ்பைஆர்நல் கொண்டு எடுங்கள். நாணயம் வேறுபட்டால் ஒப்பிடவே வேண்டாம். 300 ரூபாய் 4.35 டாலரை ஜெயித்துவிடும், எண் பெரியது என்ற ஒரே காரணத்தால்.

நாள் வருமானம் கூட்டும்போது, ஒவ்வொன்றையும் 1000ஆல் வகுத்துக் கூட்டாதீர்கள். முழு எண் வகுத்தலில் மீதி தொலையும். எல்லாவற்றையும் கூட்டிவிட்டுக் கடைசியில் ஒரே தடவை வகுங்கள்.

படி 7: தகவல் முகவரிகள்

பிட்டோடு மூன்று முகவரிகள் வரலாம்: ‘என்யூஆர்எல்’ ஜெயித்ததைச் சொல்ல, ‘பியூஆர்எல்’ பணம் கணக்கில் ஏறுவதைச் சொல்ல, ‘எல்யூஆர்எல்’ தோற்றதைச் சொல்ல. ஜெயித்ததும் காட்டியதும் ஒன்றல்ல. ஜெயித்த விளம்பரம் திரைக்கு வரும் முன்பே பயனர் ஆப்பை மூடிவிடலாம். சில ஏற்பாடுகளில் இவற்றை சர்வரே அழைத்துவிடும், அப்போது ஆப்பும் அழைத்தால் இரட்டைக் கணக்கு. யார் அழைப்பது என்று சர்வர் எழுதுபவரிடம் முதலிலேயே பேசி வையுங்கள்.

படி 8: சோதனை

மூன்று டெஸ்ட் போதும். விலை "4.35" தந்தால் 43,50,000 வர வேண்டும். விலை "0" தந்தால் நல். மூன்றாவது காலாவதி. 15 நிமிடம் காத்திருக்கத் தேவையில்லை, காலாவதியா ஃபங்ஷனுக்கு நேரத்தை வெளியிலிருந்து கொடுக்கும்படி எழுதியது இதற்காகத்தான். வந்த_நேரம் 0, ஆயுள் 9,00,000. இப்போது 8,99,999 என்றால் பொய், 9,00,000 என்றால் மெய்.