வீட்டு சர்வர்: சும்மா இருக்கும்போது எத்தனை வாட்?

இரவு பகலாக ஓடும் சர்வரில் கூடும் ஒவ்வொரு 10 வாட்டும் ஆண்டுக்குச் சுமார் 88 யூனிட் மின்சாரம். சிப்பின் வெப்ப அளவைச் சொல்லும் டிடிபி எண்ணை நம்பாமல், சும்மா இருக்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். இன்டெல் என்100 சிப் சிக்கனமானதுதான். ஆனால் கார்டுகளை இணைக்கும் பாதையான பிசிஐஇ லேன் 9 மட்டுமே, மெமரி சேனலும் ஒன்றே. பின்னால் டிஸ்க்குகளும் 10 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டும் சேர்ப்பதென்றால் ஐ3-12100 போன்ற சிப்பே சரி. டிஸ்க்குகளைச் செருகும் சாட்டா போர்ட் போதாவிட்டால் ஏஎஸ்எம்1166 சிப் உள்ள கார்டு போடுங்கள். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் பழைய ரெய்டு கார்டு பல நேரம் சிபியுவை மின்சாரம் மிச்சமாகும் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகவிடாது. 850 வாட் பவர் சப்ளை வேண்டாம், 30 வாட் சுமையில் அதன் திறன் சரியும். அதற்காக மிகச் சிறியதும் ஆகாது: 3.5 அங்குல டிஸ்க் ஒவ்வொன்றும் சுழலத் தொடங்கும்போது 20 வாட்டுக்கு மேல் கேட்கும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் ஃபைல் சிஸ்டமான இசட்எஃப்எஸ்ஸில், தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதும் எஸ்எம்ஆர் டிஸ்க் கூடவே கூடாது. பழுதான டிஸ்க்கை மாற்றியபின் தரவை மீண்டும் நிரப்பும் ரீபில்ட் நாள்கணக்கில் இழுக்கும்.