ஆம்பிளிஃபயர் எத்தனை வாட்? கணக்கு சறுக்கும் இடங்கள்

ரேடியேட்டட் இம்யூனிட்டி சோதனைக்கு (ரேடியோ அலைகள் மேலே விழும்போதும் ஒரு மின்னணுச் சாதனம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பது) ஆம்பிளிஃபயர் வாங்கப் போகிறவர்கள் முதலில் போடும் கணக்கு இதுதான்: புல வலிமையின் வர்க்கத்தைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 30-ஆலும் ஆன்டெனா கெயினாலும் (பவரை ஒரு திசையில் எவ்வளவு குவிக்கிறது என்ற எண்) வகுப்பது. மீட்டருக்கு 10 வோல்ட் புலம், 3 மீட்டர் தூரம், கெயின் 1 என்று வைத்தால் 30 வாட் வரும். சரி, 50 வாட் வாங்கினால் தாராளம் என்று ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். அது போதவே போதாது.

பெரிய சறுக்கல் மாடுலேஷனில்தான். இந்தச் சோதனைக்கான சர்வதேசத் தரநிலை ஐஇசி 61000-4-3 கேட்பது 1 கிலோஹெர்ட்ஸில் 80 சதவீத ஏஎம், அதாவது அலையின் உயரத்தை ஏற்றி இறக்கும் மாடுலேஷன். அலையின் உச்சம் 1.8 மடங்கு உயர்கிறது. பவர் அதன் வர்க்கமாக 3.24 மடங்கு உயர்கிறது. 30 வாட் இங்கேயே 97 ஆகிவிட்டது. அளவீட்டின்போதே 18 வோல்ட் வரை ஏற்றிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

அப்புறம் கெயின். டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை எடுக்காதீர்கள். கெயின் வரைபடத்தின் இடது ஓரத்தை, அதாவது சோதனை தொடங்கும் தாழ்ந்த அதிர்வெண்ணைப் பாருங்கள். 80 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3.75 மீட்டர். அறைக்குள் அடங்கும் ஆன்டெனா அங்கே திணறத்தான் செய்யும். அந்த இடத்தில் கெயின் மைனஸ் 3 டெசிபல், அதாவது பாதி என்றால் 97 வாட் 194 ஆகும். கேபிளில் 2 டெசிபல் போனால் 307. அதே ஓரத்தில்தான் எஸ்டபிள்யூஆரும் (ஆன்டெனா எவ்வளவு பவரைத் திருப்பி அனுப்புகிறது என்பதன் அளவு) மோசமாக இருக்கும். திரும்பி வரும் பவரைத் தாங்காத ஆம்பிளிஃபயர், தன்னைக் காத்துக்கொள்ள அவுட்புட்டைக் குறைத்துவிடும்.

சூத்திரம் சொல்வது நடுவில் ஒரே ஒரு புள்ளியை. சோதனையோ 1.5 மீட்டர் சதுரத்தில் 16 புள்ளிகளைப் பார்க்கிறது. அவற்றில் 12 புள்ளிகளாவது இலக்குப் புலத்தைவிட 0 முதல் 6 டெசிபல் வரை கூடுதல் என்ற வரம்புக்குள் இருக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டில் பலவீனமான புள்ளிக்கும் இலக்குப் புலம் கிடைத்தாக வேண்டும். என்னைக் கேட்டால், இதற்கென்று 3 டெசிபலுக்குக் குறைவாக ஒதுக்கவே கூடாது. அப்படிப் பார்த்தால் 600 வாட்டைத் தாண்டிவிடுகிறோம்.

இந்த 600-ஐ சாச்சுரேஷன் பவரோடு (இன்புட்டைக் கூட்டினாலும் இதற்கு மேல் ஏறாது என்ற உச்ச அளவு) ஒப்பிடாதீர்கள். ஆம்பிளிஃபயரின் பெருக்கம் 1 டெசிபல் குறையும் இடமான 1 டெசிபல் கம்ப்ரஷன் புள்ளியில் என்ன கிடைக்கிறது என்று கேளுங்கள். சாச்சுரேஷனில் ஓட்டினால் ஏஎம்-மின் உச்சி வெட்டுப்படும், ஹார்மோனிக்குகள் (அதே அதிர்வெண்ணின் மடங்குகளில் வரும் வேண்டாத அலைகள்) கிளம்பும். 80 மெகாஹெர்ட்ஸில் திணறும் ஆன்டெனா, அதன் மூன்றாம் ஹார்மோனிக்கான 240-ஐ நன்றாகவே வீசும். புலத்தை அளக்கும் ப்ரோபுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, எல்லாவற்றையும் கூட்டித்தான் காட்டும். திரையில் 10 வோல்ட் தெரியும்போது, 80-இல் சாதனத்தின் மேல் விழுவது அதைவிடக் குறைவாக இருக்கலாம்.