சுமாகோ போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானின் கிசோ பள்ளத்தாக்கில் இருக்கும் சுமாகோவுக்கு ஆட்களை அழைத்துப் போகும்போதெல்லாம் அதே சொதப்பல்களைத்தான் பார்க்கிறேன். செருப்பைக் கழற்றுவது, சத்தம் போடாமல் இருப்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்; விட்டுவிடுகிறேன்.

இருட்டிய பிறகு வந்து சேருவது

எடோ காலத்தில் (1603–1868) இன்றைய டோக்கியோவையும் கியோட்டோவையும் இணைத்த நகாசெண்டோ சாலையில் இருந்த 69 தங்கல் ஊர்களில் இது 42-வது. வழிப்போக்கர்கள் இரவு தங்குவதற்கென்றே வளர்ந்த ஊர். ஆனால் இன்று ஐந்து மணிக்குள் கடைகளெல்லாம் மூடிவிடும். அதற்கப்புறம் சாப்பாடு என்றால் நீங்கள் தங்கும் மின்ஷுக்குவில்தான், அதாவது ஒரு குடும்பம் நடத்தும் சின்ன விடுதியில்தான். அதுவும் ஆறு, ஆறரைக்கு. சமைப்பது, பரிமாறுவது, படுக்கை போடுவது எல்லாம் பெரும்பாலும் ஒரே குடும்பம்.

ஒரு தம்பதி நகோயாவில் ஷாப்பிங்கை முடித்துவிட்டு சாவகாசமாகக் கிளம்பினார்கள். சினானோ விரைவு ரயில்கள் எல்லாமே சுமாகோவுக்குப் பக்கத்து ஸ்டேஷனான நாகிசோவில் நிற்பதில்லை. இவர்கள் ஏறியது நிற்காத ரயில். திரும்பி வருவதற்குள் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. டாக்ஸி பிடித்து வந்து சேர்ந்தபோது மணி எட்டரை. வீட்டுக்கார அம்மா இரண்டு மணி நேரம் வாசலையே பார்த்துவிட்டு, ஆறிப்போன மீனை ஏறக்கட்டிவிட்டிருந்தார். "காசு கட்டியிருக்கிறோமே" என்றார் கணவர். இதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. கட்டிய காசும் போச்சு, டாக்ஸிக்கும் அழுதாயிற்று, ராத்திரிக்கு பையிலிருந்த முறுக்குதான். பகல் கூட்டம் கலைந்தபின் தெருவில் நடப்பதற்காகத்தானே இங்கே தங்குவதே! நாலு மணிக்குள் வந்துவிடுங்கள்.

சைவம் என்று பந்தியில் சொல்வது

அறை பதியும்போதே சொல்லுங்கள். சூப்பிலும் மீன்சாறு இருக்கும்.

கதவைத் தள்ளிப் பார்ப்பது

இது அருங்காட்சியகம் இல்லை. விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று 1971-லேயே ஊரார் கூடி முடிவு செய்து காப்பாற்றிய தெரு. அரசின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது 1976-ல்தான். நீங்கள் எட்டிப் பார்ப்பது ஒருவருடைய சமையலறையாக இருக்கலாம். உள்ளே பார்க்க ஆசையா? 1877-ல் ஹினோகி என்ற ஜப்பானிய சைப்ரஸ் மரத்தில் எழுப்பிய வாகிஹோன்ஜின் ஒகுயா இருக்கிறது; வாகிஹோன்ஜின் என்றால் அந்தக் காலத்து இரண்டாம் நிலை அதிகாரபூர்வ விடுதி. டிக்கெட் வாங்கிக்கொண்டு போங்கள்.

மாகோமேயிலிருந்து பெட்டியை இழுத்து வருவது

அதே சாலையில் பக்கத்துத் தங்கல் ஊர் மாகோமே. அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் மலைப்பாதை. பனிக்காலம் தவிர, மாகோமே சுற்றுலா அலுவலகத்தில் காலையிலேயே கொடுத்தால் பெட்டியைக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள்.

வழியில் தொங்கும் மணியை அடிக்கக் கூச்சப்படுவது

அடியுங்கள். கரடியை விலக்கத்தான் அந்த மணி; அங்கே நிஜமாகவே கரடி இருக்கிறது.